முக்கால்வாசி

ஏப்ரல் 3, திங்கள்

திரும்பி வரும் தண்ணீர் கேனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் கரூரில் ஒருவரும் கேன் தண்ணீர் வாங்க மாட்டார்கள். இன்றைக்கு ஒன்றில் செத்த பல்லி. ஒன்றில் வெற்றிலை எச்சில். இன்னொன்றில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல மூடி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனியில் கழுவுகிற பகுதிக்கு நான் சூப்பர்வைசர். மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை குறைந்துபோனதற்கு இந்த வேலைதான் காரணம்.

சாயங்காலம் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கழுவுகிற மரகதக்கா எட்டிப் பார்த்து, "முக்காவாசி கழுவியாச்சு அம்மணி, ஏத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்.

"குடிக்கறவன் ஒரு கேன்ல இருந்துதானுங்கக்கா குடிக்கறான்? கழுவாத கேன் அவனுக்குப் போச்சுன்னா, உங்க முக்காவாசிய அவன் என்ன பண்ணுவான்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுவினார்கள். கழுவட்டும்.

வீட்டுக்காரர் விஜயவாடாவிலிருந்து வந்துவிட்டார். பெட்ஷீட் ஏஜென்ட்டுக்குக் கோடையிலும் அலைச்சல்தான். வந்ததும் கால் கழுவி, பல் தேய்த்து, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். பையில் இருந்து அவருடைய பெட்ஷீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். லாட்ஜ் பெட்ஷீட்டில் யார் யார் படுத்தார்களோ என்று எந்த ஊருக்குப் போனாலும் சொந்த பெட்ஷீட்டோடுதான் போவார். நீலக்கட்டம் போட்டது. அதை டெட்டால் ஊற்றி, வேறு துணியோடு சேர்க்காமல், கையாலேயே துவைக்க வேண்டும். துவைத்தேன். இப்படிச் சுத்தம் பார்க்கும் ஆண்பிள்ளை எங்கள் சொந்தத்திலேயே கிடையாது.

ஏப்ரல் 9, ஞாயிறு

வெந்தயம் ஊறப் போட்டேன். சூடு.

ஏப்ரல் 12, புதன்

சூடு அடங்கவில்லை. வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆயிற்று. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. அரிப்பு. வெள்ளைப்படுகிறது, அதுவும் வெள்ளையாக இல்லை. வாடை வேறு. பக்கத்தில் யாராவது வந்தால் நான் தள்ளி நிற்கிறேன். மற்றவர்களின் கேனை மோந்து பார்த்து முகம் சுளித்த எனக்கு இப்போது என் புடவையை மோந்து பார்க்கும் நிலைமை.

இவரிடம் கொஞ்ச நாள் தள்ளிப் படுங்கள் என்றேன். அவருக்கும் சூடாம். ஒன்றுக்குப் போனால் எரிகிறதாம். பார்லிக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். ஷேவிங் பையில் ஒரு மாத்திரை அட்டை பாதி காலியாக இருந்தது. கேட்டதற்கு ஜலதோஷத்துக்கு என்றார். தும்மி ஒன்றும் நான் பார்க்கவில்லை. ஏசியில் உட்காருகிறவர்களுக்கு உள்ளுக்குள்ளேயே சளி கட்டும் என்பார்கள்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. வடை, பாயசம். இவருடைய அண்ணன் வீட்டார் வந்தார்கள். அண்ணன் பஞ்சாங்கம் படித்தார். என் ராசிக்கு உடல் நலம் சீர்படுமாம். உட்கார முடியாமல் நின்றுகொண்டே கேட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

லேடி டாக்டரிடம் போனேன். தனியார் கிளினிக், கூட்டம் அதிகம். பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரு வெளியூர் போறவருங்களா?" என்று கேட்டார். எனக்கு வெள்ளைப்பட்டதற்கும் அவர் வெளியூர் போவதற்கும் என்ன சம்பந்தம்? ஆமாம் என்று சுருக்கமாகச் சொன்னேன்.

இது சூடு இல்லையாம். ஒட்டுகிற தொற்றாம். இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட வேண்டும், அவரையும் கூட்டி வாருங்கள், இரண்டு பேருக்கும் குணமாகும் வரை ஒன்றாகப் படுக்காதீர்கள், அதற்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் ஆணுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு ரெண்டாவது பிரசவத்தோடவே ஆப்ரேசன் பண்ணியாச்சுங்க டாக்டர். அதெல்லாம் எதுக்குங்க இனிமே?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். "ஆப்ரேசன் புள்ளைய நிறுத்துமுங்க. நோய நிறுத்தாது. இத்தனை வருசமா அது வேற, இது வேறன்னு யாருமே உங்ககிட்ட சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? ஆஸ்பத்திரியில் ஆப்ரேசன் முடிந்த அன்றைக்கு, இனிமேல் உங்களுக்குக் கவலையே இல்லை என்றுதான் நர்ஸ் சொல்லி அனுப்பினார். நானும் கவலையில்லாமல்தான் இருந்தேன். ஆனால் அந்த டாக்டர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போறவரா என்றால் என்ன அர்த்தம்?

ஏப்ரல் 19, புதன்

இவரிடம் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றிக் கேட்டார். அங்கே கக்கூஸ் எத்தனை, யார் யார் போகிறார்கள், யார் கழுவுகிறார்கள் என்று.

"நீ நாளெல்லாம் ஊர் அழுக்குல நிக்கற. கண்டவளும் போற கக்கூசுக்குப் போற. அங்கிருந்துதான் ஒட்டியிருக்கும். இதுல என்னையப் போயி மாத்திரை திங்கச் சொல்றியே" என்றார்.

அதுதான் சரி என்று பட்டது. பல்லியும் எச்சிலும் வருகிற இடத்தில் வியாதி வராமல் என்ன செய்யும்?

ஏப்ரல் 20, வியாழன்

கம்பெனி கக்கூசுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டு நானே தேய்த்தேன். மூக்கில் துணி கட்டியும் குமட்டியது. புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். கழுவுகிறவர்கள் பின்பக்கம் பெட்ரோல் பங்க்குக்குப் போகட்டும். மரகதக்கா ஏன் என்று கேட்டாள். "உங்களுக்கெல்லாம் சுத்தம்னா என்னன்னு தெரியாது" என்றேன். மற்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 27, வியாழன்

சரியாகிவிட்டது. அரிப்பு இல்லை, வாடை இல்லை. மாத்திரையும் பூட்டும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. பிள்ளைகள் இரண்டையும் லீவுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

இவருடைய வெள்ளைச் சட்டையை ஊற வைத்தால் பையிலிருந்து மாத்திரை கரைந்து மஞ்சளாக இறங்கியது. அப்படியே இருந்திருக்கிறது, பிரிக்கவே இல்லை. மறந்திருப்பார். கறை போக எலுமிச்சம்பழம் தேய்த்தேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

இவர் நாளை ஐதராபாத். போவதற்கு முன் வீட்டில் இருக்கும் ஒரு நாள் அவர் என் பக்கத்தில் வராமல் இருக்க மாட்டார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, சொல்லவும் செய்தேன். "நமக்குள்ள எதுக்கு அந்தக் கருமம்?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நீலக்கட்ட பெட்ஷீட்டை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.

மே 4, வியாழன்

கத்திரி தொடங்கிவிட்டது. தண்ணீருக்கு அடிதடி.

மே 10, புதன்

மறுபடியும். அதே அரிப்பு, அதே வாடை. முன்னைவிட மோசம். அடிவயிற்றில் வலியும் சேர்ந்துகொண்டது. கக்கூஸ் சாவி என் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கிறது. ஒருத்தியையும் விடவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

மே 12, வெள்ளி

அதே டாக்டர். வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டாரா என்பதுதான் முதல் கேள்வி. சட்டைப் பையில் கரைந்ததைச் சொன்னேன். கக்கூஸைப் பூட்டியதையும் சொன்னேன், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டுதான். டாக்டருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "இது கக்கூஸ்ல இருந்து வர்றதில்லைங்க. கேன்ல இருந்தும் வராது. ஆள்கிட்ட இருந்துதான் வரும். நீங்க வேற ஆளோட இல்லைன்னா யாருகிட்ட இருந்துன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம் என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுங்கள் என்றார். அந்த போர்டை எத்தனையோ முறை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏதோ சாமி சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். எச்ஐவி பார்க்கிற இடமாம். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

பையனுக்குப் பத்து வயது. பெண் பிளஸ் ஒன் போகப் போகிறாள். அதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

மே 15, திங்கள்

இவர் வந்தார். கால் கழுவினார், பல் தேய்த்தார், பவுடர் போட்டார். நீலக்கட்டத்தை நீட்டினார். வாங்கி மூலையில் போட்டேன்.

நம்பிக்கை மையம் என்றதும் துள்ளினார். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அந்த இடத்துக்கெல்லாம் போகிறவன் நான் இல்லை என்றார். நீங்கள் வராவிட்டால் உங்கள் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சித்திரைக்குப் பஞ்சாங்கம் படித்த அண்ணன். வெள்ளிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்.

மே 19, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் வாந்தி வரும். ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டது.

இவர் வெள்ளைச் சட்டை, செண்ட்டோடு கிளம்பினார். நம்பிக்கை மையத்தில் நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்கார்ந்தார். ஆலோசகர் என்று நடுத்தர வயதுக்காரர் ஒருவர், சளி பிடித்திருந்தது. தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம் என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார். இவர்தான், "அவ இருக்கட்டுங்க. எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அண்ணன் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில் எனக்கு முன்னால் நல்லவராகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலோசகர் என்னையும் பார்த்து சம்மதமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

கேள்விகளை ரேஷன் கடையில் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே போனார். என்ன வேலை, எந்தெந்த ஊர், குடிப்பழக்கம் உண்டா, ரத்தம் ஏற்றியது உண்டா. இவரும் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் மாதிரி பட்பட்டென்று சொன்னார். பிறகு அவர் கேட்டார், ஆணுறை போடும் பழக்கம் உண்டா, எப்போதுமா, எப்போதாவதா என்று.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ரொம்ப சுத்தம் பாக்கற ஆளுங்க. முக்காவாசி நேரம் போட்டுருவேன்."

ஆலோசகர் எழுதிக்கொண்டார். அவருக்கு அதில் ஒன்றும் புதிதில்லை. எனக்குத்தான் காது அடைத்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்தப் பொருள் வந்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. என்னோடு இருந்ததெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. அப்படியானால் எதில் முக்கால்வாசி?

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. பவுடர் போட்ட முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. அவசரமாக, "அதாவது, பொதுவா, பிரெண்ட்ஸ்ங்க சொல்றதுங்க" என்று என்னவோ உளறினார்.

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மீதி கால்வாசியிலதானுங்க வந்திருக்கு. இதுக்கு ஒரு தடவ போதும். ஒவ்வொரு தடவையும் போடணும், ஆரம்பத்துல இருந்து போடணும். வெளியவும் வீட்டுலயும். இந்தம்மாவுக்கு நீங்கதான் கொண்டு வந்து குடுத்திருக்கீங்க" என்றார். சத்தம் போடவில்லை. திட்டவும் இல்லை. எனக்காக யாராவது அவரைத் திட்ட மாட்டார்களா என்று இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையை இந்த முறை அவர்கள் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார்கள். ஆணுறை பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை அவர் கைக்குட்டைக்குள் சுருட்டிப் பிடித்ததைப் பார்க்க வேண்டுமே, செத்த எலியை வாலில் பிடித்தது மாதிரி.

வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் இடத்துக்குப் போனேன். நீலக்கட்ட பெட்ஷீட் மூலையிலேயே கிடந்தது. லாட்ஜ்காரன் பெட்ஷீட் அழுக்கு என்று இதைத்தான் விரித்திருக்கிறார். இதன் மேல்தான். துவைத்தது நான். டெட்டால் ஊற்றி, வேறு துணி படாமல், இந்தக் கையால். பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொல்லையில் நின்று வாந்தி எடுத்தேன். அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்தச் சொம்பைத் தொடவில்லை.

மே 20, சனி

ரிசல்ட் வந்தது. எச்ஐவி இரண்டு பேருக்கும் இல்லை. இன்னும் இரண்டு நோய்க்குப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. ஆனால் இப்போதுதான் ஒட்டியிருந்தால் உடனே தெரியாதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

மைசூர்பாக் வாங்கி வந்தார். பாஸாகிவிட்டாராம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மே 22, திங்கள்

கக்கூஸ் பூட்டைக் கழற்றினேன். எல்லோர் முன்னாலும் பேசியதை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப வாங்க வேண்டும். உங்களால் ஒன்றும் வரவில்லை, நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை, சொல்லவும் வாய் வராது. பெட்ரோல் பங்க்கில் ஆண்கள் நிற்கும் நேரத்தில் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். மரகதக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாவியை நீட்டியபோது, "எங்கிட்ட எதுக்குங்க? ஆணியில மாட்டுங்க" என்றாள்.

மே 25, வியாழன்

அவர் அழுதார். காலில் விழவில்லை, அதுவரைக்கும் நல்லது. வெளியூரில் தனிமை, கூட வருகிறவர்கள் இழுத்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். "வெளிய போடறது சுத்தத்துக்கு. உங்கிட்ட போட்டா உன்னையும் அவளுங்களையும் ஒண்ணா வெச்ச மாதிரி ஆயிருமே, அதுக்குத்தான் போடல" என்றார். அதைப் பெரிய மரியாதை மாதிரி சொன்னார். எனக்குச் செய்த மரியாதையின் பலன்தான் இரண்டு முறை டாக்டர் மேஜையில் படுத்தது.

ஏன் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பெண்ணுக்கு இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவர் மேல் ஆசை இருக்கிறதா என்றால், இருக்கிறது என்று எழுதவும் கை கூசுகிறது. பதினேழு வருஷப் பழக்கம் ஒரு மாத்திரையில் போகாது போலிருக்கிறது.

ஜூன் 2, வெள்ளி

டாக்டர் பரிசோதித்துவிட்டு இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது என்றார். ஆகஸ்ட் ரத்தப் பரிசோதனை வரைக்குமாவது ஒரு தடவைகூட விடாதீர்கள், அதற்கு அப்புறம் என்ன என்பது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

ராத்திரி இவர் நம்பிக்கை மையத்துப் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். ரப்பர் வாடை குமட்டுகிறதாம். வெளியூரில் முக்கால்வாசி நேரம் குமட்டாதது இங்கே குமட்டுகிறது.

ஜூன் 4, ஞாயிறு

மத்தியானம் சாப்பாடானதும் அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பாக்கெட்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். அதைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்குத்தான் போட்டனே. ரிசல்ட்டும் நல்லா வந்துருச்சு, வியாதியும் போயிருச்சு. இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன ஆயிரும்? இனிமே முக்காவாசி..."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவரே நிறுத்திவிட்டார்.

எனக்குக் கத்த வேண்டும் போல் இல்லை, அழவும் வரவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனேன். நீலக்கட்ட பெட்ஷீட் அன்றைக்குப் போட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. இரண்டு விரலால் தூக்கிவந்து அறை வாசலுக்கு வந்து நின்ற அவர் காலடியில் போட்டேன்.

"எப்பவும்னா உள்ள வாங்க. முக்காவாசின்னா இதை விரிச்சு ஹால்ல படுத்துக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார், பெட்ஷீட்டைப் பார்த்தார். "தொவைக்காம அழுக்கா இருக்குது" என்றார்.

டெட்டால் பாத்ரூமில் இருக்கிறது என்றேன்.